காணாமல் போனவரைத் தேடும்போது: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா காணாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பார்வதிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கப் போவதாகச் சொல்லி இறங்கினார். ஒன்பது மணி நேரம் கழித்து ஆரல்வாய்மொழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது 76 வயது, மறதி நோய் தொடங்கி இரண்டு வருடம். முன்பு வேலை பார்த்த மில்லுக்கு காலை ஷிஃப்டுக்குப் போவதாக நினைத்து பஸ் ஏறியிருக்கிறார். அந்த ஒன்பது மணி நேரத்தில் நாங்கள் சரியாகச் செய்தவை ஒன்றிரண்டுதான். தவறாகச் செய்தவை நிறைய. அதற்குப் பிறகுதான் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்குப் போனேன். இப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலாவது பிள்ளையோ பெரியவரோ காணாமல் போனால் எனக்குப் போன் வருகிறது. போனில் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். காணவில்லை என்ற அறிவிப்பை எப்படி எழுதுவது, எங்கே அனுப்புவது, எப்படி முடிப்பது என்பதில் பெரும்பாலோர் தடுமாறுவதால் அந்தப் பகுதி நீளமாக இருக்கும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிடுவோம். “24 மணி நேரம் ஆனால்தான் போலீஸ் புகார் வாங்கும்” என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சினிமா பார்த்தும் யாரோ சொல்லியும் நம் மனதில் பதிந்துவிட்டது. குழந்தை விஷயத்தில் நேர்மாறான உத்தரவே இருக்கிறது. காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் அது கடத்தல் அல்லது ஆள் வணிகம் என்றே எடுத்துக்கொண்டு உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு போட்ட வழக்கில் சொல்லிவிட்டது. குழந்தை என்றால் 18 வயது முடியாத எல்லோரும். “பதினேழு வயசுப் பொண்ணு, யார் கூடவாவது போயிருக்கும், வந்திரும்” என்று யார் சொன்னாலும் அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான்.

முதல் அரைமணி நேரம்

வீட்டுக்குள் தேடுங்கள். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் சின்னக் குழந்தைகள் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் தூங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. நிறுத்தி வைத்த காருக்குள் பாருங்கள், டிக்கியையும் திறந்து பாருங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே போதும், விபரீதம் ஆகிவிடும்.

அடுத்து தண்ணீர். நம் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வீட்டிலிருந்து நடந்தாலும் சற்றுத் தூரத்தில் ஒரு குளமோ, கிணறோ, சானலோ வந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை காணவில்லை என்றால் மற்ற எதற்கும் முன்னால் இரண்டு பேரைக் குளக்கரைக்கும் சானல் கரைக்கும் ஓடவிடுங்கள். சானலில் தண்ணீர் ஓடும் நாளென்றால் ஓட்டத்தின் திசையில் கீழே போகச் சொல்லுங்கள். தீயணைப்பு மீட்புப் படைக்கு 101 அல்லது 112.

அதே நேரத்தில் வீட்டில் ஒருவர் நகராமல் இருக்க வேண்டும். பிள்ளை திரும்பி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், போன் சார்ஜில் இருக்க வேண்டும். நாங்கள் அன்று இதைத்தான் செய்யவில்லை. ஆறு பேரும் ஆறு திசையில் போனோம், வீடு பூட்டிக் கிடந்தது.

காணாமல் போனவரின் அறையைக் கலைக்காதீர்கள். நோட்டுப் புத்தகம், சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ், துவைக்காத துணி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவருடைய போன் வீட்டில் இருந்தால் ஆளாளுக்குத் திறந்து பார்த்து எதையும் அழித்துவிட வேண்டாம். போன் அவர் கையில் இருந்தால் எல்லோரும் மாறி மாறி அழைத்து சார்ஜைத் தீர்த்துவிடாமல், வீட்டில் ஒருவர் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தால் போதும். அந்த எண் எந்த டவரில் இருக்கிறது என்பதைப் போலீஸ்தான் எடுக்க முடியும். அதற்காகவே சீக்கிரம் ஸ்டேஷன் போக வேண்டும்.

போன் செய்ய வேண்டிய எண்கள்

எல்லா அவசரத்துக்கும் பொதுவான 112-ஐ முதலில் அழையுங்கள். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எண் கேரளத்திலும் இதேதான். குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ரயிலில் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 139. பெண்கள் உதவிக்கு 181, முதியோர் உதவிக்கு 14567. கடலில் காணாமல் போனால் கடலோரக் காவல் படையின் 1554. இவற்றில் எதை அழைத்தாலும் பேசும்போது நேரத்தையும் அழைப்பை எடுத்தவர் சொல்வதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பின்னால் யாராவது “நீங்க எப்ப சொன்னீங்க?” என்று கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

ஸ்டேஷனில்

எந்த ஸ்டேஷனுக்கும் போகலாம். பிள்ளை சுசீந்திரம் தேரோட்டத்தில் தொலைந்தாலும் நீங்கள் குலசேகரத்தில் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொன்னால் ஸ்டேஷனில் புரியும். எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்து, பிறகு சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை.

புகாரைக் கையால் எழுதிக் கொண்டுபோனால் போதும். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், போட்டிருந்த உடை, செருப்பு, உயரம், நிறம், மச்சம், தழும்பு, கையில் இருந்த பணம், போன் எண், உட்கொள்ளும் மருந்து, யார் மேலாவது சந்தேகம் இருந்தால் அது, வீட்டில் அன்று சண்டை நடந்திருந்தால் அதுவும். கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறைப்பார்கள். திட்டியதைச் சொல்ல வெட்கப்பட்டு, “சந்தோஷமாத்தான் இருந்தா சார்” என்று சொன்னால் போலீஸ் கடத்தல் என்று நினைத்துச் செக்போஸ்டில் கார்களைத் தேடிக்கொண்டிருக்கும். பிள்ளையோ கோபத்தில் தோழி வீட்டில் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புகார் கொடுத்ததும் மனு ரசீது என்று ஒன்று தருவார்கள். சி.எஸ்.ஆர். என்று எல்லோருக்கும் தெரிந்தது. அது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. குழந்தை காணவில்லை என்றால் சி.எஸ்.ஆரோடு திரும்பி வராதீர்கள். “சிறுமி மாயம்” என்றோ “சிறுவன் மாயம்” என்றோ எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலைத் தரச் சொல்லுங்கள். நகல் இலவசம், அது உங்கள் உரிமை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். அவர் யார் என்று கேளுங்கள். 18 வயது தாண்டியவர்களுக்கும் “பெண் மாயம்”, “ஆண் மாயம்” என்று வழக்குப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் வழக்கத்தில் இருப்பதுதான்.

வாங்க மறுத்தால்? எங்களுக்கு அன்று அதுதான் நடந்தது. “பெரியவர்தானே, சாயங்காலம் வரை பாருங்கம்மா” என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கென்றால் வரமாட்டேன். நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகப் புகாரை அனுப்பலாம். 173-ஆம் பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது, அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். காலையில் ஆள் காணவில்லை என்றால் இந்தச் சட்டப் படிகளையெல்லாம் ஏற அவகாசம் இருக்காது என்பதும் தெரியும். அதனால் ஸ்டேஷன் வாசலில் நின்றே 112-ஐ அழைத்து, “இந்த ஸ்டேஷனில் இருக்கிறேன், இன்னும் பதிவு ஆகவில்லை” என்று சொல்லுங்கள். அந்த அழைப்பும் பதிவாகும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, அங்கே உதவிக்குக் காசு கிடையாது.

வெளிநாட்டில் போன் அலறுகிறதே, நம்மிடம் என்ன இருக்கிறது?

வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி வரும்: பிள்ளை கடத்தப்பட்டால் அங்கே எல்லோர் போனிலும் எச்சரிக்கை அலறுகிறதே என்று. 1996 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன் ஊரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஆம்பர் ஹேகர்மன் என்ற 9 வயதுச் சிறுமியை ஒருவன் தூக்கிப்போனான். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தார், போலீசுக்கும் சொன்னார். ஆனால் ஊருக்குச் சொல்ல வழி இல்லை. நான்கு நாட்களுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. புயல் வந்தால் ரேடியோவில் இடைமறித்து எச்சரிக்கிறார்களே, ஒரு பிள்ளைக்காக ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு பெண் உள்ளூர் ரேடியோவுக்குப் போன் செய்து கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் ஆம்பர் அலர்ட். 2013 முதல் அங்கே செல்போன்களுக்கும் நேரடியாகப் போகிறது. மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பல மாநிலங்களில் சில்வர் அலர்ட் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் விடுபட்ட பெரியவர்களுக்காக 2018-இல் ஆஷாந்தி அலர்ட் சட்டம் வந்தது.

அந்த முறையில் நான் மதிப்பது அதன் கட்டுப்பாட்டை. எல்லாக் காணாமல் போதலுக்கும் அந்த அலறல் கிடையாது. கடத்தல் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், பொதுமக்கள் பார்த்து அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும். அறிவிப்பை வெளியிடுவது போலீஸ், குடும்பம் அல்ல. நாள் முழுக்க அலறினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் 2023-இல் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறிய சோதனை நினைவிருக்கலாம். அது புயல், வெள்ளம், சுனாமி போன்ற பேரிடருக்கான ஏற்பாடு. காணாமல் போன பிள்ளைகளுக்கு நமக்கிருப்பது தனித்தனித் துண்டுகள்: போலீஸ் ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினி வலைப்பின்னல், காணாமல் போன குழந்தைகளுக்கான மிஷன் வாத்சல்யா தளம், பொதுமக்களே பதிவு செய்யும் வகையில் 2015-இல் தொடங்கிய கோயா பாயா, தமிழ்நாடு காவல்துறை இணையச் சேவையில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத உடல்களையும் தேடும் பகுதி. கோயா பாயா தவிர மற்றவற்றில் பதிவு ஏற வேண்டுமானால் ஸ்டேஷனில் பதிவு ஆகியிருக்க வேண்டும். ஆகவேதான் முதலில் ஸ்டேஷன், பிறகு வாட்ஸ்அப் என்று சொல்கிறேன். வரிசை மாறினால் ஊர் முழுக்கப் படம் சுற்றும், செக்போஸ்டில் இருப்பவருக்குத் தெரியாது.

அறிவிப்பை எழுதுவது

தம்பி குவைத்தில் இருக்கிறான். அப்பா காணவில்லை என்று கேட்டதும் அழுதுகொண்டே ஒரு போஸ்டர் செய்து அனுப்பினான். எட்டு வருடத்துக்கு முந்தைய கல்யாணப் போட்டோ, அதில் அப்பாவுக்கு மீசை கறுப்பு. “எங்கள் அப்பாவைக் காணவில்லை, தயவு செய்து அதிகம் பகிரவும்.” தேதி இல்லை, ஊர் இல்லை, உடை இல்லை, மூன்று பேரின் செல்போன் எண் மட்டும் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். ஆரல்வாய்மொழி டீக்கடைக்காரரும் அதைப் பார்த்திருக்கிறார், தன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான் என்று தெரியவில்லை.

நல்ல அறிவிப்பு இப்படி இருக்கும்:

காணவில்லை: 15 மார்ச் 2019, வெள்ளி, காலை 6.10 மணி முதல்
(பெயர்), ஆண், வயது 76, உயரம் சுமார் 5 அடி 4 அங்குலம், மெலிந்த உடல், வெள்ளை மீசை
வெள்ளை அரைக்கைச் சட்டை, நீலக் கரை வேட்டி, ரப்பர் செருப்பு, கையில் பால் தூக்கு
கடைசியாகப் பார்த்தது: பார்வதிபுரம் பாலத்துக்குக் கீழே பஸ் நிறுத்தம்
மறதி உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பயமுறுத்தாமல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்
தகவலுக்கு: 112, அல்லது காவல் நிலைய எண், சி.எஸ்.ஆர். எண்

தேதியும் நேரமும் முதல் வரியில் வர வேண்டும். வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். படம் இந்த வருடத்தியதாக இருக்கட்டும், முகம் தெரியும் படம் ஒன்று, முழு உருவம் ஒன்று. பள்ளிச் சீருடை போட்ட படம் வேண்டாம், அன்று சீருடையில்தான் போனார் என்றால் தவிர. கண்ணாடி போடுபவரென்றால் போட்ட படம்.

தொடர்பு எண்ணாகப் போலீஸ் ஸ்டேஷன் எண்ணையே போடுங்கள், வீட்டு எண் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். வீட்டு முகவரி, பெற்றோர் வேலை, சாதி, மதம், பிள்ளையின் இன்ஸ்டாகிராம் கணக்கு எதுவும் வேண்டாம். கடைசியாக, ஒரு அடையாளத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். இடது முழங்காலில் தழும்பு, கழுத்தில் கறுப்புக் கயிறு என்று ஏதாவது ஒன்று, போலீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் தெரிந்தது. “உங்க பிள்ளை எங்கிட்ட இருக்கு” என்று போன் வரும்போது அதைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நம் மாவட்டத்துக்கு மலையாளம் கட்டாயம் வேண்டும். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, அங்கிருந்து ஒரு பஸ்ஸில் நெய்யாற்றின்கரை. மலையாளம் எழுதத் தெரிந்தவர் மார்த்தாண்டம் பக்கம் எந்தத் தெருவிலும் கிடைப்பார்.

எங்கே அனுப்புவது

நெடுஞ்சாலையில் நம் மாவட்டத்துக்கு இரண்டு முக்கிய வாசல் இருக்கிறது: கிழக்கே ஆரல்வாய்மொழி, மேற்கே களியக்காவிளை. மூன்றாவது ரயில். நான்காவது கடல். பெரும்பாலும் யார் தொலைந்தாலும் இந்த நான்கில் ஒன்றின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். எனவே ஊர்க் குரூப்புகளில் அனுப்புவதற்கு முன்னால் இந்த வாசல்களில் ஆள் நிறுத்துங்கள்.

பஸ் ஸ்டாண்டுகளில் நேரம் குறிப்பவரிடம் நேரில் படத்தைக் கொடுங்கள்: வடசேரி, மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டு, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, கன்னியாகுமரி. கண்டக்டர்கள் முகம் மறப்பதில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலும் அப்படியே. ரயில் என்றால் நாகர்கோவில் சந்திப்பு, டவுன், இரணியல், குழித்துறை, கன்னியாகுமரி. ரயில்வே பாதுகாப்புப் படையிடமும் ரயில்வே போலீசிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே கால தாமதம் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில், 4,000 கிலோமீட்டருக்கு மேல். தவறுதலாக அதில் ஏறிய பிள்ளையின் பின்னால் நாம் மாலையில் ஓட ஆரம்பித்தால் அது எத்தனையோ ஸ்டேஷன்களைத் தாண்டியிருக்கும்.

2024 ஆகஸ்டில் திருவனந்தபுரம் கழக்கூட்டத்திலிருந்து 13 வயதுச் சிறுமி ஒருத்தி அம்மா திட்டியதற்காக வீட்டைவிட்டுக் கிளம்பி, கன்னியாகுமரி வரும் ரயிலில் ஏறினாள். எதிரே இருந்த பயணி ஒருவர், பிள்ளை அழுவதைப் பார்த்து ஒரு படம் எடுத்திருந்தார். இரவில் செய்தியைப் பார்த்ததும் அந்தப் படத்தைப் போலீசுக்கு அனுப்பினார். அதிலிருந்துதான் தேடல் நம் பக்கம் திரும்பியது. நாகர்கோவில் பிளாட்பாரத்தில் இறங்கி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறியது சிசிடிவியில் கிடைத்தது. மறுநாள் இரவு விசாகப்பட்டினத்தில், வடக்கே போகும் ஒரு ரயிலில், அங்குள்ள மலையாளிகள் சங்கத்தினர் பெட்டி பெட்டியாகத் தேடி அவளைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தோடு எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த நேரம் என்ற விவரமும் இருந்ததால்தான் அது பயன்பட்டது.

சிசிடிவி பற்றி: கடைக் கேமராக்கள் பலவற்றில் பதிவு சில நாட்களில் தானே அழிந்துவிடும். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நடந்து, கேமரா உள்ள கடைகளின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போலீசிடம் கொடுங்கள். கடைக்காரரிடம், “அண்ணே, இன்னைக்குள்ளதை அழியாம வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். யாரும் மறுப்பதில்லை.

இனி மைக். நம் ஊர்களுக்கு இது பெரிய பாக்கியம். கடலோர ஊர்களில் கோயில் மைக்கில் பங்குத்தந்தையோ ஊர்க் கமிட்டியோ ஒரு வார்த்தை சொன்னால் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும். உள்ளூரில் கோவில் கொடைத் திருவிழா நடந்தால் அங்கும் மைக் உண்டு, பள்ளிவாசலிலும் உண்டு. மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், ஐயப்ப சீசனில் கன்னியாகுமரி, இந்தக் கூட்டங்களில் பிள்ளை தொலைந்தால் முதலில் போக வேண்டியது போலீஸ் உதவி மையமும் மைக் பந்தலும். மைக்கில் பிள்ளையின் பெயரைச் சொல்லி, “யார் வீட்டுப் பிள்ளை, வந்து கூட்டிப்போங்க” என்று அழைப்பதைவிட, “சிவப்புக் கவுன் போட்ட நாலு வயசுப் பிள்ளை” என்று உடையைச் சொல்வது நல்லது. பெயர் தெரிந்தால் யாரும் போய், “உங்கம்மா கூப்பிடுறாங்க மக்களே” என்று கையைப் பிடித்துவிடலாம்.

அடுத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விபத்தில் அடிபட்டுப் பெயர் தெரியாமல் வருபவர்களை அங்கே கொண்டுவருவார்கள். மனதுக்குக் கஷ்டமான இடம்தான், ஆனால் வீட்டில் திடமான ஒருவர் போய் அவசரப் பிரிவிலும், வேறு வழியில்லை என்றால் பிணவறையிலும் கேட்டு வர வேண்டும். பெற்ற தாயை அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதற்கெல்லாம் பிறகுதான். எல்லா குரூப்புக்கும் அனுப்ப வேண்டாம். கடைசியாகப் பார்த்த இடம், போயிருக்கக்கூடிய வழி, பழைய ஊர், பழைய வேலை இடம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஆரல்வாய்மொழியில் ஒரே ஒருவருக்கு நாங்கள் போன் செய்திருந்தால் அப்பா காலை எட்டு மணிக்கே கிடைத்திருப்பார்.

பகிர்வதற்கு முன்

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதிலிருந்த 65 வயது அம்மா பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த நாட்களில் சுற்றிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம், கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள். அந்த வருடம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது.

அதனால் உங்களுக்கு ஒரு “காணவில்லை” வந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: தேதி இருக்கிறதா, ஸ்டேஷன் பெயர் இருக்கிறதா, அந்த ஸ்டேஷனுக்குப் போன் செய்தால் ஆமாம் என்கிறார்களா. “வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது” என்று வரும் குரல் பதிவில் இந்த மூன்றும் இருக்காது. கன்னியாகுமரியில் வளையல், பாசி விற்கும் வெளிமாநிலப் பெண்கள் தங்கள் பிள்ளைகளையே தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறும்.

தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால்

வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நல்ல மனதோடு சோறு போட்டுத் தூங்க வைத்துவிட்டுக் காலையில் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே பெற்றவர்கள் ஒரு இரவு செத்துப் பிழைப்பார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் குற்றம். அதே இடத்தில் ஆள் நடமாட்டமுள்ள பக்கமாக நின்று 1098 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவது அவர்கள் பொறுப்பு.

போன் வரத் தொடங்கும்

வீட்டு எண் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். போஸ்டர் வெளியான ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு வந்த நான்காவது அழைப்பு, “உங்க அப்பா ஆக்சிடெண்ட்ல இருக்காரு, ஆஸ்பத்திரிக்கு இருபதாயிரம் கட்டணும், ஜிபே பண்ணுங்க” என்றது. அம்மா பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும் லைன் துண்டிக்கப்பட்டது. பணம் கேட்டு வரும் எந்த அழைப்பையும் நேரே போலீசிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. ஒருவேளை அது உண்மையான கடத்தல்காரனின் அழைப்பாக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லாமல் நீங்கள் பேரம் பேசுவது பிள்ளைக்கு நல்லதல்ல. மறைத்து வைத்த அந்த ஒரு அடையாளத்தைக் கேளுங்கள், பிள்ளையோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள், நேரத்தையும் எண்ணையும் எழுதுங்கள்.

பெரியவர்கள் விஷயம்

18 வயது கடந்தவர் தன் விருப்பத்தோடு வீட்டைவிட்டுப் போனால் அது குற்றமல்ல. போலீஸ் அவரைக் கண்டுபிடித்து, நலமாக இருக்கிறார் என்று உறுதி செய்து, எங்கே என்று உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம். கல்யாணம் செய்துகொண்டு போன பெண்ணைத் தேடிப் படம் போட்டு ஊரெல்லாம் பரப்பச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நான் செய்வதில்லை. அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வன்முறைக்குப் பயந்து போன மனைவியைத் தேடும் கணவனுக்கும் இதே பதில்தான். ஸ்டேஷனில் சொல்லுங்கள், அவர்கள் பார்க்கட்டும்.

மறதி உள்ளவர், மனநலம் குன்றியவர், தற்கொலை எண்ணம் சொன்னவர் என்றால் இது பொருந்தாது. அங்கே அவசரம் குழந்தைக்கு உள்ள அதே அவசரம்தான். ஆதரவின்றி அலையும் மனநோயாளியைக் கண்டால் காவல்துறை மருத்துவ உதவிக்குக் கொண்டுபோய், அவருடைய குடும்பத்தையும் தேட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மறதி உள்ளவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டுக்கோ பழைய வேலைக்கோதான் நடப்பார்கள். அவர்கள் சட்டைப் பையில் ஒரு சீட்டும் கையில் எண் எழுதிய வளையமும் போட்டு விடுங்கள். பிறகு அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் எந்தப் படகு, யார் யார் கூட, எந்தத் துறைமுகத்திலிருந்து, எத்தனை நாள் சாப்பாட்டோடு என்ற விவரம் கரையில் இருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு கோயிலிலும் உட்கார்ந்து பெயர் எழுதியதை நாம் பார்த்தோம். பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து கிளம்பியிருந்தார்கள், கணக்கு சேரவே நாட்களாயின. கிளம்பும் முன்னால் அந்தப் பட்டியலை வீட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

நாட்கள் நீண்டால்

வாரத்துக்கு ஒருமுறை விசாரணை அதிகாரியைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கேட்டதை எழுதி வையுங்கள். குழந்தை நான்கு மாதத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும், அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு விதியில் இது இருக்கிறது. நாள் கணக்கை நீங்களே வைத்துக்கொண்டு, மாறிவிட்டதா என்று கேளுங்கள். யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

கிடைத்ததும்

முதலில் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். பிள்ளையாக இருந்தால் யாரும் சுற்றி நின்று, “எங்க போன, யார் கூடப் போன” என்று கேட்காதீர்கள். சாப்பிடட்டும், தூங்கட்டும். தவறாக எதுவும் நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் குளிக்க வைக்காமல், துணி மாற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையின் பெயரும் படமும் வெளியே வரவே கூடாது. போக்சோ சட்டம் அதைத் தடுக்கிறது. நேற்று வரை நாமே பரப்பிய படமாக இருந்தாலும் சரி.

பிறகு அறிவிப்பை முடியுங்கள். அனுப்பிய ஒவ்வொரு குரூப்பிலும் பழைய படத்தை அழிக்கச் சொல்லி, அதே இடத்தில் “கிடைத்துவிட்டார்” என்று தேதியோடு போட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியதை நீங்களே போய்க் கிழித்துவிட்டு, டைம் கீப்பரிடமும் கடைக்காரரிடமும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

நாங்கள் அன்று சந்தோஷத்தில் இதைச் செய்யவில்லை. தேதி இல்லாத அந்தப் போஸ்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா இறந்து பதினோரு மாதம் கழித்து ஒரு இரவு திண்டுக்கல்லிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். “அக்கா, உங்க அப்பா மாதிரி ஒருத்தர் இங்கன பஸ் ஸ்டாண்டுல இருக்காரு. நான் பக்கத்துலயே நிக்கேன், நீங்க வர்ற வரைக்கும் போகமாட்டேன்” என்றான். அம்மா பக்கத்தில் படுத்திருந்தார். நான் மாடிக்குப் போய் அவனிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பெரியவரைப் பற்றி 112-க்குச் சொல்லச் சொன்னேன். மறுநாள் காலையில் என்னிடமிருந்த எல்லா குரூப்புகளிலும் நான் அனுப்பியது இது:

“2019-இல் சுற்றிய இந்தப் படத்தில் உள்ளவர் அன்று மாலையே கிடைத்துவிட்டார். தேடியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இனி பகிர வேண்டாம், அழித்துவிடுங்கள்.”